மேடையில கீபோர்டு சவுண்டு கரைஞ்சு போகுது, ஈக்யூ கம்ப்ரஸர் எப்படி வைக்கிறது?

கறுப்புக்கட்டை:
அண்ணன்மாரே ஒரு உதவி. லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்டு வாசிக்கிறேன். வீட்ல ஹெட்போன்ல கேட்டா பியானோ மணி மாதிரி இருக்கு, மேடையில பேஸ், ரிதம் பேட், ரெண்டு பாடகர்னு எல்லாரும் சேந்ததும் ஒரே கொழகொழ, போன வாரம் ஒரு ரிசப்ஷன்ல நான் வாசிச்ச இன்டர்லூட் எனக்கே கேக்கல. மைக்செட் அண்ணன்கிட்ட சொன்னா ட்ரெபிள ஏத்துறார், காது குத்துதே தவிர தெளிவு வரல. ஒரு கம்ப்ரஸர் (சத்தம் ஒரு அளவ தாண்டுனா அமுக்குற பெட்டி) வாங்கி அட்டாக்க (எவ்வளவு சீக்கிரம் அமுக்க ஆரம்பிக்கணும்ங்கிறது) ரொம்ப ஃபாஸ்ட்டா வச்சு ரேஷியோ (எவ்வளவு பலமா அமுக்கணும்ங்கிறது) 8:1 போட்டேன், இருந்த உசிரும் போச்சு. எங்க தப்பு பண்றேன்?

மிக்ஸர்மாமா:
தம்பி, ஈக்யூல (கனம், நடு, கூர்மைன்னு சத்தத்த தனித்தனியா கூட்டிக் குறைக்கிற குமிழ்கள்) ஏத்தாதீங்க, வெட்டுங்க. முதல்ல ஹைபாஸ் ஃபில்டர் (அடிக்கனத்த வெட்டுறது) 100 ஹெர்ட்ஸ் பக்கம், அதுக்குக் கீழ பேஸ் கிட்டாரும் கிக்கும் இருந்துட்டுப் போகட்டும். அடுத்தது 250லருந்து 400க்குள்ள, நீங்க சொல்ற கொழகொழ பெரும்பாலும் அங்கதான். மிட் கெய்ன (நடு சத்தத்தோட அளவு) 6 டிபி (டெசிபல்) ஏத்திட்டு ஃப்ரீக்வென்ஸி குமிழ மெதுவா திருகுங்க, குடத்துக்குள்ள பேசுற மாதிரி எங்க கேக்குதோ அதே இடத்துல 3, 4 டிபி இறக்குங்க. (செக்கிங் அப்பவே பண்ணிடுங்க. நான் ஒருதடவ பாட்டு நடுவுல பண்ணி மாப்பிள்ளை வீட்டார் மொத்தமா திரும்பிப் பாத்தாங்க.) 2லருந்து 4 கிலோஹெர்ட்ஸ்ல பாடகரோட வார்த்தை தெளிவு இருக்கு, அங்க ஏத்துனா அவரோட சண்டைதான்.

அட்டாக் ஃபாஸ்ட்டா இருந்தா கட்டைய அடிக்கிற அந்த முதல் 'டங்'கையே கம்ப்ரஸர் அமுக்கிடும், தெளிவே அதுலதான இருக்கு. அட்டாக் 20, 30 மில்லிசெகண்ட், ரேஷியோ 3:1, ரிலீஸ் (அமுக்குறத விடுற நேரம்) 150 மில்லிசெகண்ட் பக்கம், பலமா வாசிக்கும்போது மீட்டர் 3 டிபி இறங்குனா போதும். ஸ்ட்ரிங்ஸ், பேடு (பின்னணியில நீளமா ஒலிக்கிற கீபோர்டு சவுண்டு) இதுக்கெல்லாம் வேணாம், அது ஏற்கனவே சமமாத்தான் வருது.

நாலுதந்தி:
பேஸ் வாசிக்கிறவன் வயித்தெரிச்சல கொட்டிக்கிறேன். மிடில் சி 262 ஹெர்ட்ஸ், ரெண்டு ஆக்டேவ் கீழ போனா 65, அது என் ஏரியா. எல்லா கீபோர்டுகாரங்களும் இடது கையால அங்க போய் முழு கார்டு அமுக்குறீங்க, எந்த ஈக்யூ வந்து காப்பாத்தும்? பேட்ச்ல (கீபோர்டுல நீங்க தேர்ந்தெடுக்குற சவுண்டு) இருக்குற ஹால் ரிவெர்பையும் (எதிரொலி எஃபெக்ட்) ஆஃப் பண்ணுங்க, கல்யாண மண்டபமே எதிரொலிக்குது. அப்புறம் ஒரே கேபிள்னா எல்/மோனோ (இடது) ஜாக்ல சொருகிருக்கீங்களான்னு பாருங்க, ஆர்-ல (வலது) போட்டா ஸ்டீரியோ பியானோல பாதிதான் வெளிய வரும்.

கறுப்புக்கட்டை:
நாலுதந்தி அண்ணே சிரிக்காதீங்க, கேபிள் ஆர்-லதான் இருந்துச்சு. எத்தன கச்சேரியா அப்படி ஓடுச்சோ தெரியல. நேத்து ரிகர்சல்ல மாத்திட்டு, ரிவெர்ப் ஆஃப் பண்ணி, 320 பக்கம் 4 டிபி இறக்குனேன், பாடகரே திரும்பிப் பாத்து என்ன புது கீபோர்டான்னு கேட்டார். கம்ப்ரஸர கழட்டி பெட்டில வச்சாச்சு. ஆனா பியானோலருந்து ஆர்கனுக்கு மாறும்போது மட்டும் திடீர்னு கத்துது, அதுக்கு திரும்ப போடலாமா?

மிக்ஸர்மாமா:
பெட்டியிலயே இருக்கட்டும். ஆர்கன் பேட்ச் வால்யூம கீபோர்டுலயே குறைச்சு சேவ் பண்ணுங்க, பியானோவையும் அதையும் மாத்தி மாத்தி வாசிச்சுப் பாத்துட்டு.