கரி கிரில்லில் உருளைக்கிழங்கு: வெளியே கருகுது, உள்ளே வேகல, புகைவாசமும் ஏறல

தணல்தேடி:

எட்டுப் பேருக்கு வெளியில் கரி கிரில் போடும்போது கூட வைக்க உருளைக்கிழங்கு வேணும், ஒன்றரை கிலோ. பச்சைக் கிழங்கை அரை அங்குல வில்லையா நறுக்கி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு விழுது எல்லாம் பிசிறி, கங்குக்கு நேர் மேல கம்பியில அடுக்கினா பத்து நிமிஷத்துல வெளிப்பக்கம் கறுத்துடுது, நடுவுல கடிச்சா நறுக்குனு பச்சையா இருக்கு. பாதி வில்லை கம்பியில ஒட்டிக்கிட்டு பிய்ஞ்சு வருது. புகைவாசம் இல்ல, கருகல் கசப்புதான். ஃபாயில்ல சுத்தி வெச்சா நல்லா வெந்துடுது, ஆனா அவிச்ச கிழங்கு மாதிரியே இருக்கு. மரச்சீவலை ஒரு மணி நேரம் ஊறவெச்சுப் போட்டும் பார்த்தாச்சு. மூடி போட்ட உருண்டை கிரில். எந்த இடத்துல தப்பு?

உப்புக்கல்:

வேகவைப்பது, புகையூட்டுவது, சிவக்க வைப்பது என்று மூன்று வேலையை ஒரே நெருப்பிடம் ஒரே நேரத்தில் கேட்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். சூடு நடுவுக்குப் போய்ச் சேர நேரமாகும். அங்கே 85 டிகிரியாவது தாண்டிச் சில நிமிடம் நின்றால்தான், செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள் தளர்ந்து கிழங்கு மெத்தென்று ஆகும். அதற்குள் கங்கைப் பார்த்த பக்கம் கரியாகிவிடும். ஆகவே வேகவைப்பதைத் தண்ணீரில் முடித்துக்கொண்டு கம்பிக்கு வாருங்கள்.

வெந்தாலும் குழையாத ரகம் வாங்குங்கள். வெட்டினால் வெட்டுவாய் ஈரமாகப் பளபளக்கும், தோல் மெல்லியதாக இருக்கும். மாவாக உதிரும் ரகம் இடுக்கியால் திருப்பும்போதே உடையும். வில்லை 1.5 செ.மீ. கனம் இருக்கட்டும், தோலை உரிக்க வேண்டாம், ஓரத்தை அது பிடித்துக்கொள்ளும். பச்சை நிறம் ஏறிய கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். அதில் சேர்ந்திருக்கும் சோலனின் என்ற நஞ்சு சமையல் சூட்டில் அழியாது.

ஒன்றரை கிலோவுக்கு 3 லிட்டர் பச்சைத் தண்ணீர், 45 கிராம் உப்பு, 3 மேசைக்கரண்டி வினிகர். கிழங்கைப் போட்ட பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். கொதிக்கிற நீரில் போட்டால் ஓரம் குழைந்திருக்கும், நடு விறைத்திருக்கும். வினிகர் எதற்கென்றால், புளிப்பில் பெக்டின் சீக்கிரம் கரையாது, வில்லை உருக்குலையாமல் நிற்கும். கொதி வந்ததும் தீயைத் தணித்து, 7 நிமிடத்திலிருந்து குத்திப் பார்க்க ஆரம்பியுங்கள். கத்தி முனை எளிதாக இறங்கி, நட்ட நடுவில் மட்டும் லேசாகத் தடுக்க வேண்டும். தடுக்கவே இல்லையென்றால் தாண்டிவிட்டது. கம்பியில் போட்டால் உடையும், மசித்துவிடலாம்.

இனி வருவதுதான் பலரும் விடுகிற படி. வடித்த வில்லைகளை ஒன்றன் மேல் ஒன்று படாமல் துணியிலோ கம்பித்தட்டிலோ பரப்புங்கள். முதலில் ஈரத்தில் கண்ணாடி மாதிரி மின்னும். ஆவி பறக்கப் பறக்க மினுக்கம் போய், பத்து நிமிடத்தில் மேற்பரப்பு வெளுத்து, சுண்ணாம்பு பூசின சுவர்போல் விரலுக்குச் சொரசொரக்கும். அதற்குப் பிறகுதான் எண்ணெய். ஈரத்தோடு வைத்தால் மாவுச்சத்து பசையாகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வில்லைகள் பிய்வது அதனால்தான். 3 மேசைக்கரண்டி சுத்திகரித்த எண்ணெயைக் கையால் எல்லாப் பக்கமும் மெல்லியதாகத் தடவுங்கள். சொட்டுகிற அளவுக்கு வேண்டாம், கங்கில் விழுந்து தீ எழும், கிழங்கில் கரி படியும்.

மிளகாய்த்தூள், பூண்டு இரண்டும் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்கிற கசப்பில் பாதி அவை தீய்வதால் வருவது.

புகைக்கூண்டு:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நெருப்பையும் புகையையும் நான் சொல்றேன்.

கரியை கிரில்லோட ஒரு பாதியில மட்டும் ரெண்டு அடுக்கா குவிங்க, மறுபாதி காலியா இருக்கட்டும். கரி பூரா நீறு பூத்து சாம்பல் நிறமாகணும், 20–25 நிமிஷம் ஆகும். கறுப்பு தெரியும்போதே கிழங்கை வெச்சா அரைகுறையா எரியற கரியோட நாத்தம் ஏறிடும். கம்பியை அஞ்சு நிமிஷம் மூடிபோட்டுக் காயவெச்சு, பிரஷ்ஷால நல்லாத் தேய்ங்க. பழைய பிசுக்கு இருந்தா எவ்வளவு எண்ணெய் தடவினாலும் ஒட்டும்.

மரச்சீவலை ஊறவைக்கிறதால ஒரு லாபமும் இல்ல. ஒரு மணி நேரத்துல தண்ணி மரத்துக்குள்ள அவ்வளவா போகாது. மேல இருக்கிற ஈரம் காயற வரைக்கும் வர்றது நீராவிதான், கங்கும் தணிஞ்சு போகும். சீவலுக்குப் பதிலா காய்ஞ்ச பழமரக் கட்டை, கைமுட்டி அளவுல ஒண்ணு போதும். பிசின் வடியற மரம், பெயின்ட் அடிச்ச மரம், பிளைவுட் எதையும் போடாதீங்க.

கட்டையைக் கங்கு ஓரத்துல வெச்சதும் முதல்ல பஞ்சுப்பொதி மாதிரி வெள்ளைப்புகை வரும். அது கண்ணு எரியும், தொண்டை கமறும், கிழங்குல பட்டா அதே கமறல் நாக்குல தங்கும். கொஞ்சம் பொறுங்க. புகை மெலிஞ்சு, பின்னால இருக்கிறது தெரியற அளவுக்கு லேசான நீலமா ஓட ஆரம்பிக்கும். அப்போ கிழங்கைக் காலிப் பக்கத்துல அடுக்கி மூடுங்க. மூடியோட காத்துத்துளை கிழங்குக்கு நேர் மேல வரணும். அப்பதான் புகை கிழங்கைத் தாண்டி வெளியே போகும். துளை கங்குப் பக்கம் இருந்தா புகை கிழங்கைத் தொடாமலே மேல போயிடும். உங்களுக்கு வாசம் ஏறாததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். துளையை முழுசா அடைக்காதீங்க, காத்து இல்லேன்னா திரும்பவும் வெள்ளைப்புகைதான்.

கிழங்கு ஆறியிருந்தா இன்னும் நல்லது. புகை குளிர்ச்சியான பரப்புல சுலபமா படியும், சூடானதுல கம்மி. மணம் தர்ற பொருள்கள்ல பல எண்ணெய்லயும் கரையும், அதனால அந்த மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வாசத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். 20 நிமிஷம் மூடி திறக்காம விடுங்க. திறந்து திறந்து பார்த்தா புகையும் போச்சு, சூடும் போச்சு.

அப்புறம்தான் கங்குப் பக்கம் நகர்த்தணும். ஒரு பக்கத்துக்கு 2–3 நிமிஷம், மூடி இல்லாம. கம்பியைவிட்டுத் தானா விடற வரைக்கும் திருப்பாதீங்க. இடுக்கியால லேசா அசைச்சு, பிடிச்சிருந்தா இன்னும் அரை நிமிஷம் கொடுங்க.

நெருப்புக்கோழி:

ஃபாயில் பற்றி ஒரு வார்த்தை. அது புகையையும் தடுக்கும், உள்ளே எழும் ஆவியையும் வெளியே விடாது; அதனால்தான் அவிச்ச கிழங்கு மாதிரி ஆகிறது. தவிர, ஃபாயில் சுற்றிய வெந்த கிழங்கை வெளியே மணிக்கணக்கில் வைக்கக் கூடாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றில்லாத இடமும் சேர்ந்தால் குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து நஞ்சு உண்டாக்க வாய்ப்பு இருக்கிறது. ஒன்று 60 டிகிரிக்கு மேலே சூடாகவே வையுங்கள், இல்லையென்றால் ஃபாயிலைப் பிரித்துக் குளிரூட்டியில் வையுங்கள்.

வில்லையாகத்தான் வேண்டும் என்றில்லையானால் இன்னொரு வழி: மாவாக உதிரும் ரகத்தில் 150–200 கிராம் கிழங்குகளைத் தோலோடு, கத்தியால் நாலு இடம் குத்தி, நீறு பூத்த கங்கில் நேரடியாகப் புதைத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினால் 45 நிமிடம் பிடிக்கும். கம்பி குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். தோல் முழுக்கக் கரியாகும்; அதைத் தட்டி உதிர்த்துவிட்டு உள்சதையை மட்டும் எடுங்கள். மரக்கரியில் மட்டும் இதைச் செய்யுங்கள். பற்றவைக்க எரிதிரவம் ஊற்றிய கரியில் வேண்டாம்.

தணல்தேடி:

ரொம்ப நன்றி, துளை கங்குக்கு மேலதான் இருந்துச்சு. ரெண்டு சந்தேகம். முந்தின நாளே அவிச்சு வெச்சுக்கலாமா? கேஸ் கிரில்லா இருந்தா புகைக்கு என்ன பண்றது? மசாலா எப்பப் போடணும்னும் சொல்லுங்க.

உப்புக்கல்:

முந்தின நாளே அவிப்பதுதான் நல்லது. ஆவி அடங்கியதும், இரண்டு மணி நேரத்துக்குள், மூடாமல் குளிரூட்டியில் வையுங்கள். மாவுச்சத்து இறுகி வில்லை கெட்டிப்படும், திருப்பும்போது உடையாது, மேற்பரப்பும் நன்றாகக் காயும். குளிர்ச்சியாகவே கம்பிக்குப் போகலாம். அப்போது புகையில் 25–30 நிமிடம் விடுங்கள்.

பச்சைக் கிழங்கைக் குளிரூட்டியில் வைப்பது இதற்கு நேர் எதிர். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், கம்பியில் பட்டவுடன் கறுத்துக் கசக்கும். இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வெளியே வையுங்கள்.

மசாலா கடைசியில். 50 கிராம் வெண்ணெயை உருக்கி, துருவிய பூண்டு 3 பல் போட்டு, மணம் வந்ததும் இறக்குங்கள், பூண்டு சிவக்கக் கூடாது. அதில் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மிளகு. கம்பியிலிருந்து எடுத்த சூட்டிலேயே வில்லைகளை அகலமான பாத்திரத்தில் கொட்டி, இதை ஊற்றிக் குலுக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு பரிமாறும் நேரத்தில் விடுங்கள். புகையின் கனத்தை அது தூக்கிக் கொடுக்கும். நறுக்கிய தழையும் அப்போதுதான்.

புகைக்கூண்டு:

கேஸ் கிரில்லுக்கு சீவல்தான் சரி, ஊறவைக்காம. ரெண்டு கைப்பிடியை ஃபாயில்ல தட்டையா பொட்டலம் கட்டி, மேல்பக்கம் ஏழெட்டு ஓட்டை போடுங்க. ஓரத்து பர்னர் ஒண்ணை மட்டும் முழுத்தீயில எரியவிட்டு, பொட்டலத்தைக் கம்பிக்குக் கீழ அது மேல வெச்சு மூடுங்க. பத்து நிமிஷத்துல புகையும். அப்புறம் தீயை நடுத்தரமாக்கி, எரியாத பக்கத்துல கிழங்கு. கேஸ் கிரில் மூடியில இடுக்கு அதிகம், புகை சீக்கிரம் வெளியேறிடும், அதனால இன்னும் ஒரு பொட்டலம் கட்டித் தயாரா வெச்சுக்கோங்க. முதல் பொட்டலத்துல புகை நின்னதும் மாத்திடலாம்.

நடுவுல மழை வந்தா கரி கிரில்லை மூடின இடத்துக்குள்ள தள்ளிட்டுப் போகாதீங்க. கரியிலிருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவுக்கு வாசமே கிடையாது. காத்துத்துளை எல்லாத்தையும் அடைச்சு கிரில்லை அங்கேயே விட்டுட்டு, புகைபட்ட வில்லையை உள்ளே கொண்டுபோய் கனமான இரும்புத் தோசைக்கல்லுல சிவக்க விடுங்க. புகை ஏற்கெனவே ஏறியிருக்கும், நிறம் மட்டும்தான் பாக்கி.