துளையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் சிறு கள்ளிச்செடி வளருமா?

தக்கலைத் தோட்டம்:
வணக்கம். வாய் அகன்ற, அடியில் துளையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் உருண்டையான சிறு மம்மிலேரியா கள்ளிச்செடியை வைக்க எண்ணுகிறேன். அடியில் கூழாங்கல், அதன்மேல் கரித்துண்டு, அதற்கும் மேல் மண் என்றே காணொளிகள் யாவும் காட்டுகின்றன. ஆனால் இங்கு கன்னியாகுமரி மாவட்டத்தில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஓய்ந்து சிறிது நாளிலேயே ஐப்பசி மழை தொடங்கிவிடுவதால், அந்த முறை நமக்கு ஒத்துவருமா என்ற ஐயம் உள்ளது. கன்னியாகுமரியில் விற்கும் பலநிற மணலை மேற்பரப்பில் தூவலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நாஞ்சில் மாடி:
கூழாங்கல் அடுக்கு வடிகாலாகச் செயல்படும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. மேலே உள்ள நுண்ணிய மண் முழுவதும் நனைந்து நிறையும் வரை நீர் அதைவிட்டுக் கீழே உள்ள பெரிய கற்களுக்கு இறங்காது. ஆகவே அந்த அடுக்கு ஈரத்தை வேருக்கு இன்னும் அருகில் கொண்டுவருகிறதே தவிர வெளியேற்றுவதில்லை. கரித்துண்டும் தேங்கிய நீரைப் போக்காது. துளையுள்ள சிறு மண்சட்டியில் செடியை நட்டு, அச்சட்டியைக் கிண்ணத்துக்குள் இறக்கி, சுற்றிலும் கற்களால் மறைத்துவிடுங்கள். நீர் ஊற்றும்போது சட்டியை வெளியே எடுத்து, முழுவதும் வடிந்த பிறகு திரும்ப வைத்தால் போதும்.

வாங்கும் செடி பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில்தான் இருக்கும். அதை வேரிலிருந்து உதிர்த்துவிட வேண்டும். சலித்துத் தூசி நீக்கிய எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), பழைய கூரை ஓட்டை உடைத்த சிறு துண்டுகளும் பாதிக்கு மேல் இருக்கட்டும். எஞ்சியது தோட்டமண்ணும் மக்கிய உரமும். (ஓட்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.) நட்டபின் ஒரு வாரம் நீர் ஊற்ற வேண்டாம், அறுபட்ட வேர் அதற்குள் ஆறிவிடும்.

கடற்கரை மணலில் உப்பு இருக்கும். மணவாளக்குறிச்சிக் கரை மணலில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கும். அழகுக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவர நான் சொல்லமாட்டேன்.

குலசேகரம் வாசகர்:
துளை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அளந்து ஊற்றத் தெரிந்தால் துளையில்லாத கிண்ணத்திலும் செடி வாழும். ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுத்து, அதில் சிறிதும் ஈரம் ஒட்டாதபோது மட்டும் ஓரிரு கரண்டி நீரை வேரடியில் விடுங்கள். கள்ளிச்செடி பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால், அது இழக்கும் நீர் மிகக் குறைவு. தொடர்மழைக் காலத்தில் ஊற்றாமலே விட்டாலும் தவறில்லை; நீர்தெளிப்பானை அருகில் கொண்டுபோகவே வேண்டாம்.

நீரைவிட எனக்குக் கவலை வெளிச்சம்தான். ரப்பர் மரங்கள் சூழ்ந்த வீடுகளில், மேகமூட்டமும் சேர்ந்துகொண்டால், உருண்டைச் செடியின் நுனி வெளிறி மெலிந்து நீண்டுவிடும். அப்படி நீண்ட பகுதி பின்னர் பருக்காது. கிழக்கு ஜன்னல் நல்லது. உச்சிவெயிலில் மட்டும் வைக்காதீர்கள், கண்ணாடி சூடேறி வேர் வெந்துவிடும்.

ஆரல் காற்று:
தொடர்மழைக் காலத்தில் ஊற்றாமலே விடலாம் என்பது மாவட்டம் முழுமைக்கும் பொருந்தாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் மேல்மண் விரைவில் உலர்ந்துவிடுகிறது. எனவே நாள்கணக்கை நம்பாமல் ஈர்க்குச்சியையே நம்புங்கள். பாசியையோ பெரணியையோ துணைக்கு நடாதீர்கள், அவற்றுக்கு வேண்டிய ஈரம் கள்ளிச்செடியை அழுகச் செய்யும். சதைப்பற்றுள்ள சிறு செடியான ஹவோர்தியா ஓரளவு ஒத்துப்போகும்.

தக்கலைத் தோட்டம்:
மிக்க நன்றி. சட்டியை உள்ளே இறக்கும் முறையையே பின்பற்றுகிறேன். வாங்கவிருக்கும் செடியின் அடிப்பகுதி பழுப்பாக உள்ளது, அது அழுகலா?

நாஞ்சில் மாடி:
விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, மரப்பட்டைபோல் இருந்தால் அது வயதால் வந்த நிறம். மெத்தென்று அழுந்தினால் அழுகல். அந்தச் செடியை விட்டு வேறொன்றை எடுங்கள். வளர்ந்துவரும் செடியில் அழுகல் கண்டால், பழுப்பு சிறிதும் தெரியாத இடம்வரை சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாய் நன்றாகக் காயும் வரை பல நாள் நிழலில் வைத்திருந்து, பிறகு உலர்ந்த மணல்மேல் நிறுத்தினால் புதுவேர் விடக்கூடும்.