ஆக்ஸான் நீள்வது இழுவையாலா, உள்ளிருந்து வரும் சவ்வாலா?

வழிப்போக்கன்:
நியூரான் (நரம்புச் செல்) தன் நீண்ட இழையான ஆக்ஸானை நீட்ட, உள்ளிருந்து நுண்பைகள் (சவ்வால் ஆன குட்டிப் பைகள்) வந்து புரதங்களின் உதவியோடு வெளிச்சவ்வோடு ஒட்டணும்னு எல்லா இடத்திலும் எழுதுறாங்க. 1984-ல் டென்னிஸ் பிரே என்ற ஆய்வாளர் கண்ணாடி ஊசியால் நியூரானைப் பிடித்து இழுத்தார், ஆக்ஸான் நீண்டது. 2004-ல் இன்னொரு குழு நாளுக்கு 8 மி.மீ. வீதம் இழுத்து, அறுபடாமல் 10 செ.மீ. வரை கொண்டுபோனது. சவ்வு இழுபடுகிறது, அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு இவ்வளவு புரதங்கள்?

நுண்ணோக்கி:
சவ்வு என்பது கொழுப்பு இரட்டைப்படலம், அது பரப்பளவில் சில சதவீதம்தான் விரியும், மிஞ்சினால் கிழியும். நீங்க சொன்ன 2004 சோதனையையே முழுசாப் படிங்க: இழுபட்ட ஆக்ஸான் மெலியவில்லை, 35% தடித்தது! வெறும் இழுவை என்றால் மெலிந்திருக்கணும். இழுவிசை ஏவுகிறது, சரக்கு செல்லுக்குள்ளிருந்து வருகிறது.

வழிப்போக்கன்:
மடிந்து சுருங்கிக் கிடந்த சவ்வு விரிந்திருக்கலாமே.

நுண்ணோக்கி:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள செல் உடலின் பரப்பு சுமார் 1,250 சதுர மைக்ரோமீட்டர். 1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஆக்ஸான் வெறும் 1 மி.மீ. நீண்டாலே 3,100 ஆகிவிடும். உடலைப் போல இரண்டரை மடங்கு சவ்வை எந்த மடிப்பில் ஒளித்துவைப்பீர்கள்? 100 நானோமீட்டர் நுண்பைகளாக வந்தால் அந்த ஒரு மில்லிமீட்டருக்கே ஒரு லட்சம் பைகள் வேண்டும். அதுவும் உள்ளே திரும்ப இழுக்கப்படும் சவ்வைக் கழிக்காமல்.

தேன்சிட்டு:
கணக்கு சரி. ஆனா பை எங்கே சேருதுன்னு யாரும் பேசலையே. பிரே 1970-லேயே எலி நியூரான்களில் பார்த்தார்: ஆக்ஸான் மேல் ஒட்டிய துகள்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன, நுனி மட்டும் முன்னேறுகிறது. அப்படின்னா புதுச் சவ்வு நுனியில், அதாவது வளர்கூம்பில்தான் சேருது.

நுண்ணோக்கி:
துகள் ஒட்டியிருப்பது மேற்பரப்பில், அடியில் செல்லின் எலும்புக்கூட்டோடு (செல்லுக்கு வடிவம் தரும் புரத இழைகளோடு) கட்டுப்பட்டும் இருக்கலாம். அதை வைத்துக் கொழுப்பு ஓடவில்லை என்று எப்படிச் சொல்வது? 1993-ல் தவளை நியூரான்களில் ஒளிரும் கொழுப்புச் சாயத்தைத் தொட்டுவைத்துப் பார்த்தபோது அது நுனியை நோக்கி நகர்ந்தது. உடல் பக்கம் சேர்ந்த சவ்வு முன்னே வழிந்தது என்பதுதான் அதன் பொருள்.

தேன்சிட்டு:
தவளையில் அப்படி, எலியில் இப்படி. ஒரு விலங்கில் கண்டதை எல்லாத்துக்கும் விதியாக்காதீங்க.

வழிப்போக்கன்:
சரி, பைகள் வேண்டும்னே வைப்போம். டெட்டனஸ் நஞ்சு, நரம்புச் செய்தியை வெளிவிடும் பைகளின் வாம்ப்2 புரதத்தை வெட்டிவிடும். இருந்தும் அந்த நஞ்சு ஆக்ஸான் வளர்ச்சியை நிறுத்தவில்லை. உங்க நுண்பைக் கதை அங்கேயே அடிவாங்குதே?

நுண்ணோக்கி:
அடிவாங்குவது கதை அல்ல, ஒரு புரதம். வாம்ப்7 என்ற உறவுப் புரதத்தை டெட்டனஸ் தொடாது, அதுவும் நுண்பைகளைச் சவ்வோடு இணைக்கிறது. எதிர்ப்பக்கத்தில், அதாவது வெளிச்சவ்வில் இருந்து பைகளை இணைக்கும் ஸ்னாப்25 புரதத்தை வெட்டும் போட்டுலினம் ஏ நஞ்சு கொடுத்தால் ஆக்ஸான் வளர்ச்சி தடைபடுகிறது. இழுவை மட்டுமே போதும் என்றால் இந்த நஞ்சு ஏன் தடுக்கணும்?

தேன்சிட்டு:
இங்கே நானும் முரண்படுறேன். 2018-ல் எலிக் கரு நியூரான்களில் வாம்ப்2 பைகள் இணைவதை நேரடியாக எண்ணிக் கணக்கிட்டதில், ஆரம்ப வளர்ச்சிக்குத் தேவையானதைவிட அதிகச் சவ்வு அவற்றாலேயே வந்தது, மிச்சத்தை, சவ்வை உள்ளே இழுக்கும் கிளாத்ரின் என்ற புரதம் வழியாகச் செல் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டது. அப்ப வாம்ப்7-க்கு என்ன வேலை?

நுண்ணோக்கி:
மாற்று வழி. ஒன்று போனால் மற்றொன்று தாங்கும். அந்தக் கணக்கு ஆரம்ப நிலைக்கு மட்டும்தான், நீண்ட ஆக்ஸானுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

வழிப்போக்கன்:
"மாற்று வழி" என்பது சௌகரியமான பதில். வாம்ப்2, வாம்ப்7 இரண்டையும் ஒரே செல்லில் ஒன்றாக முடக்கி, ஊசியால் இழுத்துக் காட்டுங்க. அப்பவும் நீண்டால் நான் சொன்னது, நின்றால் நீங்க சொன்னது.

நுண்ணோக்கி:
சம்மதம். ஆனா தடிமனையும் அளக்கணும். நீண்டுகொண்டே மெலிந்தால் அது வளர்ச்சிக் கணக்கில் சேராது.