செக்டாருக்கு எந்தச் சொல்: வட்டக்கோணப்பகுதியா, ஆரைச்சிறையா?

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள கணக்கு செயலியோட மொழிபெயர்ப்புக் கோப்ப அனுப்பணும். வட்டப் பாடத்துல பரிதி, விட்டம், நாண், வில் எல்லாம் சிக்கலில்லாம முடிஞ்சுது, செக்டார் (sector, ரெண்டு ஆரத்துக்கும் ஒரு வில்லுக்கும் நடுவுல வர்ற பகுதி) ஒண்ணுலதான் ஒரு வாரமா நிக்கிறோம். வந்த மடலுக்கெல்லாம் சேர்த்து இங்கயே பதில் எழுதிடறேன்.

> நம்ம பாடநூல்ல வட்டக்கோணப்பகுதின்னு இருக்கு, பரீட்சையிலயும் அதான் வரும், இதுல பேச என்ன இருக்கு?

அக்கா, பத்து எழுத்து, பட்டன்ல அடங்கல. அதவிட, பகுதின்னதும் பிள்ளைங்க வட்டத்துண்டோட குழப்பிக்கறாங்க. நாணால வெட்டினா வட்டத்துண்டு, ரெண்டு ஆரத்தால வெட்டினா இது. போன வாரம் வகுப்புல 21 செ.மீ. ஆரம், 60 பாகைன்னு கொடுத்து இதோட பரப்பக் கேட்டேன், பாதிப் பேர் வட்டத்துண்டுக்குச் செய்யற மாதிரி தேவையில்லாம முக்கோணத்தக் கழிச்சுட்டாங்க.

> நாங்கள் இலங்கையில ஆரைச்சிறை எண்டுதான் படிச்சனாங்கள். உங்கட ஆரம் எங்களுக்கு ஆரை.

அண்ணே, எனக்கும் இதான் பிடிச்சிருக்கு. அஞ்சே எழுத்து, ரெண்டு ஆரைக்கு நடுவுல விரிஞ்ச சிறகுன்னு சொல்லும்போதே உருவம் கண்ணுல நிக்குது, கணக்கும் பின்னாடியே வந்துடும்: வில் நீளத்த ஆரையால பெருக்கிப் பாதியாக்கு. மேல சொன்ன கணக்குல பைக்கு 22/7 வச்சா வில் 22, அத 21-ஆல பெருக்கினா 462, பாதி 231 ச.செ.மீ. முழு வட்டத்துக்கும் இதே வழிதான். பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்துல வட்டத்தரையக் கொண்டு விட்டத்தரையத் தாக்குன்னு வருதே, பரிதில பாதிய விட்டத்துல பாதியால பெருக்கறது, அதுல பை-ங்கற பேச்சே வெளிய வராம பரப்பு வந்துடுது. அங்க விடைக்குப் பேரு குழி. பரப்பளவுங்கற சொல்ல எடுத்துட்டு குழின்னே போடலாம்னு ஐயா எழுதியிருந்தீங்க, ஆனா 100 குழி ஒரு மான்னு அது நில அளவாவே நிலைச்சுடுச்சு, வேணாங்க.

> சிறைன்னா பிள்ளைங்களுக்கு ஜெயில்தான் ஞாபகம் வரும்.

வரும்தான். ஆனா குறுந்தொகை ரெண்டாம் பாட்டுல அஞ்சிறைத் தும்பி இருக்கே, அதச் சொல்லிக் கொடுத்தா சிறை சிறகாயிடும். அஞ்சிறைன்னா அழகிய சிறகா உள்சிறகான்னு மடல்ல ரெண்டு பேர் மாறி மாறி எழுதினத நான் ஒண்ணு விடாம படிச்சேன், ஆனா செக்டாருக்கு எதுவானாலும் ஒண்ணுதான்.

> ஆரை ஒரு கீரையாச்சே.

ஆமாங்க. ஈர வயல்ல வரும், ஒரு காம்புல நாலு இலை, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய கால்வட்டம், நாலும் சேர்ந்தா ஒரு வட்டம். சொல்லு கீரையிலேர்ந்து வந்துச்சுன்னு நான் சொல்லல, சக்கரத்து ஆரக்கால்தான் மூலம்னு எனக்குப் படுது. ஆனா கால்வட்டத்தோட பரப்ப நடத்த இதவிட நல்ல படம் ஏது, அடுத்த வகுப்புக்கு ஒரு பிடி பறிச்சுட்டுப் போகப்போறேன்.

> ஆரம்னு போட்டுட்டு பக்கத்துல ஆரைச்சிறைன்னா ஒட்டாது. மகரம் கெட்டு ஆரச்சிறைன்னு வரட்டும்.

புணர்ச்சி சரி. ஆனா ரெண்டு நாட்டுப் புத்தகத்துலயும் இல்லாத மூணாவது சொல்லு, பிள்ளை அத எங்க போய்த் தேடும்?

இப்பத்திக்கு வட்டக்கோணப்பகுதிக்கு நாலு பேர், ஆரைச்சிறைக்கு என்னோட சேர்த்து மூணு பேர், விசிறித்துண்டுக்கு ஒருத்தர். அதனால இந்தியத் தமிழ்க் கோப்புல வட்டக்கோணப்பகுதி, இலங்கைத் தமிழ்க் கோப்புல ஆரைச்சிறை. ஒரே வட்டத்துக்கு ரெண்டு பேரு வைக்க எனக்கு மனசு ஒப்பல, ஆனா தேதி நெருங்கிடுச்சு. பட்டன்ல எழுத்தச் சின்னதாக்கச் சொல்லியாச்சு. விளக்கத்துல மட்டும் மத்த சொல்லையும் ஒரு வரியில ரெண்டு கோப்புலயும் சேர்க்கறேன், அதுக்கும் மறுப்பு இருந்தா சனிக்கிழமைக்குள்ள எழுதுங்க.