பாராசூட்டில் குதித்த முன்னாள் ராணுவத்தினர் யாராவது இருக்கிறீர்களா?

வேலூர் உறவுகளுக்கு வணக்கம். காட்பாடியில் வசிக்கிறேன், ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சென்ற ஆண்டு அரியானா மாநிலம் நார்னவுலில் பயிற்சியாளருடன் பிணைந்து விமானத்திலிருந்து குதித்தேன். கதவோரம் கால்கள் அந்தரத்தில் தொங்கிய நொடி இன்னும் உள்ளங்காலில் கூசுகிறது. இனித் தனியாகக் குதிக்கக் கற்க வேண்டும். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் முதல் நிலையான ‘ஏ’ உரிமத்துக்கே குறைந்தது 25 முறை குதித்திருக்க வேண்டும். சம்பளத்தில் மெல்லச் சேர்த்துவருகிறேன்.

அதுவரை உடல் மறந்துவிடக் கூடாதே என்று, மொட்டைமாடியில் முக்காலி மேல் குப்புறப் படுத்துக் கைகால்களை விரித்துப் பழகுகிறேன். பக்கத்தில் வடகம் பிழியும் அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே அடிவயிறு கலங்குகிறது. தரையிறங்கும் பயிற்சிதான் சிக்கல். பாதங்களைச் சேர்த்து, முழங்காலைத் தளர்த்தி, பக்கவாட்டில் உருள வேண்டும். போன வாரம் பாயில் தவறாக விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது.

நம் வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டை கிராமத்தில் ராணுவ வீரர்களுக்குக் குறைவில்லை. ஆக்ராவில் பாராசூட் பயிற்சி முடித்த ஐயா யாராவது இருந்தால், ஞாயிறு காலை அரை மணி நேரம் உருளக் கற்றுத் தருவீர்களா? அம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசினால் பெரிய உதவி. மாற்று பாராசூட் ஒன்று முதுகிலேயே இருக்கும் என்று நான் சொன்னால் அவர் நம்புவதில்லை.