நாலு மணிக்கு மேல் கண் எரிகிறது, கம்ப்யூட்டர் வேலை செய்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

அவிநாசிக்காரன்:
வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது பையர் (துணி வாங்குபவர்) ஆர்டரைக் கவனிக்கிற வேலை, வயது 33. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பையர் மெயில், எக்செல் ஷீட், சாப்பிடும்போது போன், இரவு ஏழரை வரை இதேதான். மத்தியானம் வரை ஒன்றும் தெரிவதில்லை, நாலு மணி தாண்டியதும் கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல், புருவத்துக்கு மேல் வலி. போன வாரம் சாயங்காலம் லேப் டிப் வந்தது, அதாவது மொத்தத் துணிக்கும் சாயம் போடும் முன் நிறம் பார்த்து ஓகே செய்ய அனுப்பும் மாதிரித் துண்டு. ஒரே நேவி நீலத்தில் ஏ, பி, சி என்று மூன்று துண்டு, நிறம் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பி-க்கும் சி-க்கும் வித்தியாசம் பிடிபடவே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் சி-யில் சிவப்பு அடிப்பது பளிச்சென்று தெரிகிறது! தப்பான ஷேடை ஓகே செய்திருந்தால் மொத்தத் துணியும் சாயத்துக்குப் போயிருக்கும். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது.

நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிப் போட்டேன், பலன் இல்லை. மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஒரு மாதமாக விடுகிறேன், விட்டால் கண் சிவப்பு போகிறது, விடாவிட்டால் திரும்ப வருகிறது. வேறு என்ன செய்யலாம்?

கோவை ஆப்டோமெட்ரி:
கண் பரிசோதனைதான் என் வேலை. முதலில் அந்தச் சொட்டு மருந்தின் அட்டையைப் படியுங்க. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் பார்வையில் இல்லாமல் வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி, வலியே தெரியாமல் கண் நரம்பு கெடும், புரையும் வரலாம். ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், இந்த வாரமே கண் டாக்டரிடம் அழுத்தம் பார்த்துவிடுங்க, மருந்தை எப்படி நிறுத்துவது என்று அவரே சொல்லட்டும். தயவு செய்து தள்ளிப்போடாதீர்கள்.

எரிச்சலுக்குக் காரணம் வெளிச்சம் இல்லை, இமைக்காததுதான். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறோம், திரையைப் பார்த்தால் அது பாதிக்கும் கீழே போய்விடும், இமைப்பதும் அரைகுறையாகத்தான். கண்ணீர்ப் படலம் காய்ந்தால் எரியும், பார்வையும் மங்கும். இன்னொன்று, கிட்டத்தில் பார்க்கும்போதெல்லாம் கண்ணுக்குள் ஒரு தசை இறுகியே இருக்கிறது, தண்ணீர்க் குடத்தை இறக்காமல் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அதனால்தான் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்கிறோம். நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி பற்றி 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2023-ல் வந்தது, சாதாரணக் கண்ணாடியைவிடக் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை. சில கண்ணாடிகளில் லேசான மஞ்சள் இருக்கும், ஷேடு பார்க்கும்போது அதைக் கட்டாயம் கழற்றிவிடுங்க.

சென்னிமலை டிசைனர்:
நான் பெட்ஷீட்டுக்கு ஜக்கார்டு டிசைன் (தறியிலேயே நெய்து வரும் உருவம்) போடுகிறவன். அப்பா கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாக நிரப்பினார், எனக்குக் கம்ப்யூட்டரில் அதே கட்டம். எனக்கும் இதே எரிச்சல் இரண்டு வருடம் இருந்தது. மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன், ஜன்னல் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி, எதிரில் இருந்தால் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் அடிக்கும். போனில் 20 நிமிட அலாரம். அடித்ததும் மலையைப் பார்ப்பேன். முதலில் மலை மங்கலாகத்தான் தெரியும், மெதுவாகக் கண்ணை மூடி மூடித் திறந்தால் கொஞ்ச நேரத்தில் மேலே கோயில் தனியாகத் தெளிந்து வரும், அப்புறம்தான் திரைக்குத் திரும்புவேன். உங்களுக்கு மலை இல்லாவிட்டால் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி போதுமுங்க.

ஏசி காற்று முகத்தில் அடிக்கிறதா என்று பாருங்க. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு, பைக்கில் வைசர் இல்லாமல் போனால் ஆபீஸ் போகும் முன்பே கண் காய்ந்துவிடும்.

பல்லடம் அக்கா:
தம்பி, பவர் பார்த்தாயா? நான் கணக்கு வேலை, வயது 44. வெள்ளெழுத்து வந்தது தெரியாமல் ஒரு வருடம் தலைவலி மாத்திரை போட்டேன். பிறகு வாங்கிய கண்ணாடியில் கீழ்ப்பகுதி வழியாகத் திரை பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலி வந்தது. திரை இருக்கும் தூரத்தை இன்ச் டேப்பால் அளந்துகொண்டு போய்ச் சொன்னேன், 26 இன்ச், அதற்கென்றே தனிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். உனக்கு வெள்ளெழுத்து வயசு இல்லை, ஆனால் சின்ன சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு ஒரே சீராக இல்லாததற்கான பவர்) இருந்தாலும் இப்படி இழுக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே போகாமல் வை, அண்ணாந்து பார்த்தால் கண் அகலமாகத் திறந்து சீக்கிரம் காயும். நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், கண்ணுக்குள் எதையும் விடாதே கண்ணு.

அவிநாசிக்காரன்:
எல்லோருக்கும் நன்றிங்க. அட்டையைப் பார்த்தேன், டெக்சாமெத்தசோன்தான். நேற்றே போய்ப் பார்த்துவிட்டேன், அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆறு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், அரை சிலிண்டர் பவரும் இருக்கிறது அக்கா. ஏசி நேராக என் முகத்துக்குத்தான் வந்தது, இடம் மாறிவிட்டேன். லேப் டிப் எந்நேரம் வந்தாலும் இனிமேல் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் பார்ப்பேன் என்று டையிங்காரரிடமும் சொல்லிவிட்டேன்.