அவர் சொல்லலாம், நான் சொல்லக்கூடாதா? மீட்டெடுத்த இழிசொற்களைப் பற்றி ஓர் ஐயம்

கேள்வி

என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர், தாம் பிறந்த சமூகத்தை இழிவுபடுத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வீசிவந்த ஒரு சொல்லைத் தம்மைப் பற்றியே சிரித்துக்கொண்டு சொல்வார். அவருடைய சமூகத்தைச் சேர்ந்த தோழர்கள் தொலைபேசியில் அழைத்தாலும் அதே சொல்லால்தான் ஒருவரையொருவர் விளித்துக்கொள்வார்கள். சென்ற மாதம் நாலைந்து பேர் கூடியிருந்த இடத்தில், அவர் சொல்வதைப் போலவே, அதே தொனியில், நானும் அவரை அந்தச் சொல்லால் அழைத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பினார். சற்று நேரத்தில் எழுந்து போய்விட்டார். அன்று முதல் என்னிடம் அளந்துதான் பேசுகிறார்.

நான் செய்தது தவறு என்பது தெரிகிறது. ஏன் தவறு என்பதுதான் விளங்கவில்லை. ஒரு சொல் இழிவானதென்றால் யார் சொன்னாலும் இழிவுதானே? அது நட்பின் சொல்லாக மாறிவிட்டதென்றால், நண்பனாகிய நான் சொல்வதில் என்ன குறை? இன்னொன்றும் உறுத்துகிறது. இன்னாருக்குப் பிறந்தவர் இதைச் செய்யலாம், மற்றவர் செய்யக்கூடாது என்று வகுத்த ஏற்பாட்டைத்தானே ஒழிக்க வேண்டும் என்று நாம் எல்லாரும் பேசுகிறோம். வாயிலிருந்து வரும் சொல்லுக்கு மட்டும் பிறப்பை அளவுகோலாக வைக்கலாமா? வம்புக்குக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்கிறேன். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை. பதில் எழுதுவோரும் ஊகித்து எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1

சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான், அது யார் வாயிலிருந்து வந்தாலும் மாறாது என்ற எண்ணத்திலிருந்து உங்கள் கேள்வி தொடங்குகிறது. நம் இலக்கண நூலார் அப்படிக் கருதவில்லை. நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஒரு குழுவுக்குள் ஒரு பொருளும் வெளியே வேறு பொருளும் ஒரே சொல்லுக்கு இருக்கலாம் என்பதை அவர்கள் வியப்பாக எண்ணாமல் வழக்கின் இயல்பாகவே வைத்தார்கள்.

ஆனால் இந்த ஒப்புமை பாதி தூரம்தான் வரும். பறி என்றால் பொன் என்பது வெளியாருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே அது தோன்றியது. இழிவுபடுத்தப்பட்டவர்களே தமதாக்கி மீட்டெடுத்த இழிசொல்லின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் பழைய பொருள் வெளியாருக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அதைக் கருவியாக்கிக் கூர்தீட்டியவர்களே அவர்கள்தாம். உள்ளே இருப்பவர் அதைச் சொல்லும்போது அந்தப் பழைய பொருள் மறைந்துவிடுவதில்லை. பின்னணியில் நின்றுகொண்டேதான் இருக்கிறது. "நம்மை இப்படித்தானே அழைத்தார்கள், பார், அதையே நாம் சொல்லிச் சிரிக்கிறோம்" என்று வைதவரின் குரலை எதிரொலித்து எள்ளும் பேச்சு அது. இத்தாலிய மெய்யியலாளர் கிளவுதியா பியாங்கி 2014-இல் எழுதிய கட்டுரையில் இதை எதிரொலிப்பு என்றே விளக்குகிறார். எள்ளப்படுபவர் வைதவர், சொல்லப்படுபவர் அல்லர்.

இப்போது அதே சொற்றொடரை நீங்கள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் வைதவரை எள்ளுகிறீர்களா, வைதவராகவே பேசுகிறீர்களா என்பதைக் கேட்பவர் எதைக்கொண்டு பிரித்தறிவார்? உங்கள் உள்ளம் அவருக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர் சொன்னால் அவர் சொல்வதே சான்றாக நிற்கிறது, ஏனென்றால் அந்தச் சொல் விழும் இடத்தில் அவரும் நிற்கிறார். அதை இழிவாக ஏவினால் முதலில் தம்மையே தாக்கிக்கொள்வார். உங்கள் தொனி அவருடைய தொனியைப் போலவே இருந்தது என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் கேலியாகவும் நட்பாகவும் சிரித்துக்கொண்டே அவமதிப்பது என்பதுதானே பெரும்பாலும் அந்தச் சொல்லின் வரலாறு. தொனி இங்கே எதையும் மெய்ப்பிக்காது.

பிறப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே அளவுகோலாக இருப்பது பிறப்பு அன்று, அந்தச் சொல்லுக்கு இலக்காக வாழ்ந்த நிலை. பல சமூகங்களில் அந்த நிலை பிறப்போடு வந்ததால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆங்கிலம் பேசும் நாடுகளில் உடற்குறை உள்ளோரின் இயக்கத்தில் சிலர், கிரிப் என்ற பழைய வசையைத் தமக்குரியதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது வயதில் விபத்தில் கால் இழந்த ஒருவர் அச்சொல்லைத் தம்மைப் பற்றிச் சொன்னால் எவரும் அவருடைய பிறப்பைக் கேட்பதில்லை. அடிபட்டவர் மன்னிக்கலாம், பக்கத்தில் நின்று பார்த்தவர் அடிபட்டவர் சார்பில் மன்னித்துவிட முடியாது. அது பார்த்தவரைத் தாழ்த்தும் ஏற்பாடு ஆகாது. மன்னிக்கும் தகுதி காயத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

மறுமொழி 2

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். சட்டங்களும் வரலாறும் இந்தக் கேள்வியை எப்படி எதிர்கொண்டன என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். அங்கே இது இன்னும் சிக்கலாகிறது.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஆசிய வழித்தோன்றல்களான இளைஞர்கள், தங்கள் கண்களின் வடிவத்தைப் பழிக்கும் ஒரு சொல்லைப் பன்மையாக்கி, 'தி ஸ்லாண்ட்ஸ்' என்று தங்கள் இசைக்குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைத் தலைவர் சைமன் டாம் வணிகக்குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது, ஒரு கூட்டத்தாரை இழிவுபடுத்தும் பெயர்களைப் பதியக்கூடாது என்ற சட்டப்பிரிவைக் காட்டி அதிகாரிகள் மறுத்தனர். இழிவுபடுத்தப்படுபவர் என்று எவர் கருதப்பட்டாரோ அவரே விண்ணப்பதாரர் என்பது அந்தப் பிரிவின் கண்ணில் படவே இல்லை. 2017 ஜூன் மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. குழுவுக்கு வெற்றிதான். ஆனால் அதே தீர்ப்பின் நிழலில், அமெரிக்கப் பழங்குடியினரைப் பழிக்கும் சொல்லைப் பெயராகக் கொண்டிருந்த வாஷிங்டன் கால்பந்து அணியும் தன் வணிகக்குறியைக் காத்துக்கொண்டது. அந்தப் பெயரை எதிர்த்துப் பழங்குடியினர் சிலர் பல ஆண்டுகளாக வழக்கு நடத்தி, 2014-இல் பதிவை நீக்கும் ஆணையும் பெற்றிருந்தார்கள். அது பயனற்றுப் போயிற்று. சொல்பவர் யார் என்று கேட்காத சட்டம் முதலில் இருவரையும் தடுத்தது, பிறகு இருவரையும் அனுமதித்தது. கடைசியில் 2020-இல் அணி அந்தப் பெயரைக் கைவிட்டதற்குக் காரணம் நீதிமன்றம் அன்று. விளம்பரதாரர்களின் நெருக்கடியும் பொதுமக்களின் எதிர்ப்புமே காரணம்.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போயிருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, தன் மூன்றாம் பிரிவைத் தொடங்கும்போதே, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத எவரொருவர் என்றுதான் தொடங்குகிறது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி வைவது குற்றம் என்று அதே பிரிவின் உட்கூறு சொல்கிறது. சொல் ஒன்றே ஆனாலும் சொல்பவர் யார் என்பதைக் குற்றத்தின் கூறாகவே சட்டம் வைத்திருக்கிறது. பிறப்பை அளவுகோலாக்கலாமா என்று கேட்டவருக்கு இதைத்தான் நான் காட்டுவேன்: ஏற்றத்தாழ்வை ஒழிக்க எழுதிய சட்டமே, அந்த ஏற்றத்தாழ்வில் யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பாராமல் தன் வேலையைச் செய்ய முடியவில்லை. இதற்கும் ஓர் எல்லை உண்டு. பட்டியலுக்குள்ளேயே ஒரு சாதியார் தமக்குக் கீழே வைக்கப்பட்ட இன்னொரு சாதியாரை வைதால் இந்தச் சட்டம் அங்கே எட்டாது. உள்ளே, வெளியே என்று ஒரே கோடு போட்டால் இப்படித்தான் ஆகும்.

மீட்டெடுப்பு என்பது நேற்று வந்த பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எந்தப் பெயரால் தாழ்த்தினார்களோ அந்தப் பெயரைத் தலைப்பில் ஏற்றி நிமிர்ந்து நிற்பது அவருடைய வழி. அதே காலத்தில், அதே மக்களுக்காகப் பாடுபட்ட அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரை ஏற்கவே இல்லை. அது பகைவர் சூட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் நிலைப்பாடு. ஒருவர் பெயரைக் கைப்பற்றினார், மற்றவர் தூக்கி எறிந்தார். 1922-இல் சென்னை மாகாண அரசு ஆதி திராவிடர் என்ற பெயரை ஏற்றது. அந்தப் பழைய பெயரோ கடல் கடந்து ஐரோப்பிய மொழிகளில் ஒதுக்கப்பட்டவன் என்ற பொதுப் பொருளில் இன்றும் புழங்குகிறது. அதை நாளிதழ்களில் எழுதுவோரில் பலருக்கு அதற்குப் பின்னால் உயிருள்ள மக்கள் இருப்பதே நினைவில் இருப்பதில்லை.

தன்பாலீர்ப்பு உள்ளவர்களைப் பழிக்க வழங்கிய குயர் என்ற ஆங்கிலச் சொல்லையும் பாருங்கள். 1990-இல் நியூயார்க்கில் தொடங்கிய குயர் நேஷன் இயக்கம் அந்த வசையைப் போர்க்குரலாக்கியது. இன்று அது பல்கலைக்கழகப் பாடத்தின் பெயர். குயர் கோட்பாடு, குயர் வரலாறு என்று எவரும் தயக்கமின்றி எழுதுகிறார்கள். ஆயினும் அதே சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கி ஒருவரை நோக்கி நீ ஒரு குயர் என்று வெளியார் சொன்னால் பழைய நஞ்சு அப்படியே திரும்பிவிடுகிறது. ஒரு சொல் முழுமையாக மீட்கப்பட்டதா என்பதை இலக்கணமே சில வேளைகளில் காட்டிக்கொடுக்கும்.

மறுமொழி 3

நீங்கள் எல்லாரும் வெளியே நின்று எழுதுவதைப் போலத் தோன்றுவதால், இப்படி ஒரு சொல்லுக்கு இலக்காக வளர்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

என் சமூகத்தில் எல்லாரும் அந்தச் சொல்லை மீட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். என் வயதினர் சிலர் சொல்கிறார்கள். நான் சொல்வதில்லை, எவர் சொன்னாலும் எனக்குப் பிடிப்பதும் இல்லை. கறுப்பின மக்களைப் பழிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பாடகர்களும் இளைஞர்களும் தங்களுக்குள் தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்த 2007-ஆம் ஆண்டில்தான், கறுப்பினத்தவரின் மூத்த உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. டெட்ராய்ட் நகரில் அந்தச் சொல்லுக்குச் சவப்பெட்டி வைத்து இறுதி ஊர்வலமே நடத்தியது. இரு தரப்பும் உள்ளே இருப்பவர்கள்தாம். குழுவில் ஒருவராக இருப்பது பேச்சில் கலந்துகொள்ளும் தகுதியைத்தான் தரும். சொல்லின் மேல் பட்டா எழுதித் தருவதில்லை.

அந்தக் குழு எது என்பதும் அவ்வளவு தெளிவானது அன்று. 2011-இல் டொராண்டோவில் ஒரு காவலர், பெண்கள் உடுத்தும் முறையைக் குறைகூறி ஒரு வசையைப் பயன்படுத்தியதை எதிர்த்து, அந்த வசையையே தலைப்பாகக் கொண்டு பெண்கள் ஊர்வலம் போனார்கள். பல நாடுகளுக்கும் அது பரவியது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அடிமைமுறைக் காலத்திலிருந்து எங்கள் உடலின் மேல் ஒட்டப்பட்ட இந்தச் சொல்லை உங்களைப் போல விளையாட்டாக அணிந்து கழற்ற எங்களால் முடியாது என்பது அதன் சாரம். பெண்கள் என்ற ஒரே பெயருக்குள் அந்தச் சொல் எல்லார் மேலும் ஒரே எடையில் விழவில்லை.

குழு உறுப்பினரா என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்பவர்களிடம் எனக்கு ஓர் அச்சம் உண்டு. சிலருடைய அடையாளம் வெளியே தெரிவதில்லை. பாலியல் நாட்டத்தை வீட்டில்கூடச் சொல்லாதவர் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னதும், நீ யார், உனக்கு என்ன உரிமை என்று கூட்டத்தில் கேட்டால், அவர் பொய் சொல்ல வேண்டும் அல்லது தயாராகும் முன்பே தம்மை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும். இணையப் பதிவுகளில் வசையைத் தேடி வடிகட்டும் இயந்திரங்களின் கதை இன்னும் மோசம். பிரேசிலைச் சேர்ந்த இன்டர்நெட்லேப் என்ற ஆய்வு நிறுவனம், பெண் வேடமிட்டு நிகழ்ச்சி நடத்தும் கலைஞர்கள் தங்களுக்குள் கேலியாக எழுதிய பதிவுகளில் பலவற்றை, வெள்ளை இனவெறியர் சிலரின் பதிவுகளைக் காட்டிலும் நச்சுத்தன்மை மிக்கவை என்று ஒரு மென்பொருள் மதிப்பிட்டதைக் காட்டியிருக்கிறது. அவர்கள் சொல்லை மீட்டார்கள். சல்லடை அவர்களையே வடிகட்டியது.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. சொல்லைக் குறிப்பிடுவதும் ஏவுவதும் வேறு. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரும், பழைய ஆவணத்தை ஆராய்பவரும் அதைக் குறிப்பிட நேரலாம். அப்போதும் எத்தனை முறை, எவர் முன்னால் என்று பார்த்துக்கொள்வது பண்பு. நீங்கள் குறிப்பிடவில்லை, ஏவினீர்கள். உங்கள் நண்பரிடம் நேரில் கேளுங்கள். எங்களிடம் கேட்டு என்ன பயன்?

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மூன்றாமவர் சொன்னபடி நேற்று அவரிடம் பேசினேன். விளக்கம் கொடுக்காமல் மன்னிப்பு மட்டும் கேட்டேன். நான் எதிர்பார்த்த காரணம் எதையும் அவர் சொல்லவில்லை. சொல் தம்மைப் பெரிதாகத் தைக்கவில்லை என்றும், அதைச் சொன்ன உடனே நான் சுற்றியிருந்தவர்கள் சிரிக்கிறார்களா என்று முகம் முகமாகப் பார்த்ததுதான் தம்மைத் தைத்தது என்றும் சொன்னார். நான் அப்படிப் பார்த்தேனா என்பது எனக்கே நினைவில்லை. பார்த்திருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சொல்லலாமா என்றும் அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். தம் வீட்டில் தம்பி இருக்கும்போது தாமே அதைச் சொல்வதில்லை என்றார். தம்பி பள்ளியில் படிக்கிறான். அங்கே அவனை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.